ஓட்டு எங்கே தவறுகிறது?



பொங்கல் விழா முடிந்து எல்லோரும் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர்களிடையே ஒரு வாக்குவாதம் எழுந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் நம் நாகபுரித் தொகுதியில் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். நாடு முழுவதற்குமான சராசரி சுமார் 66. "படித்தவர்கள் நிறைந்த ஊரில் இவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்டார். "எல்லாம் சோம்பேறித்தனம். லீவு விட்டால் தூங்குவார்கள். அபராதம் போட்டால் சரியாகிவிடும்" என்றார் இன்னொருவர். "யார் வந்தால் நமக்கென்ன?" என்றார் மூன்றாமவர்.

நான் வாய் திறக்கவில்லை. கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காரணம், அந்தப் பேச்சில் கலந்துகொள்ளும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று சந்தேகம். வந்ததும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, எனக்கு ஓட்டுரிமை வந்த நாள் முதல் நடந்த மக்களவைத் தேர்தல்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். மொத்தம் 12. அவற்றில் நான் ஓட்டுப் போட்டது 5, போடாதது 7.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன். மேடைப் பேச்சாக அல்ல, குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் வாக்குமூலமாக இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் கணக்கு

நான் 1958இல் பிறந்தவன். அந்நாளில் ஓட்டுரிமை வயது 21. (அதை 18 ஆகக் குறைத்த 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989இல்தான் நடைமுறைக்கு வந்தது.) முதல் ஓட்டை 1980 ஜனவரியில் கும்பகோணம் பக்கத்தில் எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டேன். அடுத்த ஆண்டு, கையில் சிவில் டிப்ளமோவுடன் இரயில்வேயில் பாதை ஆய்வாளர் பயிற்சிக்குத் தேர்வாகி வடக்கே வந்துவிட்டேன். அதன்பின் ஆம்லா, இடார்சி, பல்லார்ஷா, வார்தா, கடைசியில் நாகபுரி என்று தண்டவாளத்தோடு தண்டவாளமாக ஓடியது வாழ்க்கை.

ஓட்டுப் போட்ட ஆண்டுகள்: 1980, 1996, 1998, 2014, 2024.

போடாத ஆண்டுகள்: 1984, 1989, 1991, 1999, 2004, 2009, 2019.

இரயில்வேயில் விபத்து நடந்தால் விசாரணைக் குழு உட்காரும். பதவிக்கு வந்த புதிதில் நான் கற்ற முதல் பாடம், கடைசியாகக் கை வைத்தவனை மட்டும் பார்க்காதே என்பதுதான். வண்டி தடம் புரண்டது இன்று காலையாக இருக்கலாம். காரணம் மூன்று மாதத்துக்கு முன் ஜல்லி போடாமல் விட்டதாக இருக்கலாம். அந்த முறையிலேயே என்னுடைய ஏழு தவறுகளையும் விசாரித்தேன்.

1984, 1989, 1991, 1999, 2004 ஆகிய ஐந்து முறையும் நான் வசித்த ஊரின் வாக்காளர் பட்டியலில் என் பெயரே இல்லை. மாற்றல் உத்தரவு வரும், மூட்டை கட்டுவோம். ரேஷன் கார்டை மாற்றுவோம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை மாற்றுவோம், கேஸ் இணைப்பை மாற்றுவோம். பட்டியலில் பெயரை மாற்ற வேண்டும் என்று தோன்றியதே இல்லை. என் பெயர் கிராமத்துப் பட்டியலில் சுகமாக இருந்தது. நான் ஆயிரம் மைல் தள்ளி இருந்தேன்.

2009இல் பெயர் இருந்தது. மத்தியானம் போகலாம் என்று இருந்தேன். காலை பத்து மணிக்கே வெயிலில் ஓரிடத்தில் தண்டவாளம் நெளிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பாதையைச் சரிசெய்து வண்டியை விட்டுவிட்டு ஊர் திரும்பும்போது இருட்டிவிட்டது. சாவடியை மூடி முத்திரை வைத்தாகிவிட்டது.

2019இல் நான் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. பெயர் இருந்தது, நேரம் இருந்தது, சாவடி நடந்து போகும் தூரத்தில் இருந்தது. ஏப்ரல் 11, விதர்ப்ப வெயில். "ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது" என்று மின்விசிறிக்கு அடியில் படுத்துவிட்டேன். என் மனைவி போய்விட்டு வந்து, மை வைத்த விரலோடு எனக்கு மோர் கொடுத்தாள். "என்னங்க, உங்க விரலுக்கு ஏதாவது காயமா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

ஆக, ஏழில் ஐந்து பட்டியல் தவறு, ஒன்று பணி, ஒன்றே ஒன்றுதான் சுத்தமான சோம்பேறித்தனம். வாக்குப்பதிவு நாளில் தவறியவை இரண்டு. மற்ற ஐந்தும் அதற்குப் பல மாதங்கள் முன்பே தவறிவிட்டன. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். மீதி எல்லாம் விளக்கம்.

அறிஞர்களின் சூத்திரம்

மக்கள் ஏன் ஓட்டுப் போடுகிறார்கள், ஏன் போடுவதில்லை என்பதை மேல்நாட்டு அறிஞர்கள் வெகு நாட்களாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் 1957இல் ஒரு சங்கடமான கேள்வியை எழுப்பினார். ஓட்டுப் போட நேரமும் அலைச்சலும் செலவாகிறது. ஒருவருடைய ஓட்டால் முடிவு மாறும் வாய்ப்போ மிக மிகக் குறைவு. லாப நஷ்டம் பார்க்கிற மனிதன் எதற்காக வரிசையில் நிற்க வேண்டும்? 1968இல் வில்லியம் ரைக்கர், பீட்டர் ஆர்டெஷூக் என்ற இருவர் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார்கள். நம் மொழியில் சொன்னால் அது இப்படி அமையும்:

பயன் = (என் ஓட்டால் முடிவு மாறும் வாய்ப்பு × அதனால் எனக்கு ஆதாயம்) − செலவு + கடமையுணர்வு

வலப்பக்கத்தைக் கூட்டிக் கழித்துப் பூஜ்யத்துக்கு மேல் வந்தால் போவான். கீழே போனால் வீட்டில் இருப்பான் என்பது அவர்கள் வாதம்.

முதல் பகுதியைப் பார்ப்போம். 2019இல் இந்தியாவின் வாக்காளர்கள் சுமார் 91 கோடி, தொகுதிகள் 543. வகுத்தால் தொகுதிக்கு ஏறத்தாழ 17 லட்சம் பேர். இதில் என் ஒரு ஓட்டு? நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 2004 கர்நாடக சட்டமன்றத் தேர்தலில் சந்தேமரஹள்ளியில் 40,752க்கு 40,751 என்று ஒரே ஓட்டில் முடிவானது. 2008இல் ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில், அப்போதைய மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி 62,215 ஓட்டு வாங்கி ஒரு ஓட்டில் தோற்றார். ஆனால் இத்தனை ஆயிரம் தொகுதி முடிவுகளில் இப்படி விரல் விட்டு எண்ணும்படிதான் நடந்திருக்கிறது. டவுன்ஸ் கணக்கில் தவறில்லை.

ஆயினும் அந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. காரணம், எங்கள் கீமேன். கீமேன் என்பவர் தினமும் காலையில் சுத்தியலும் ஸ்பானரும் சிவப்புக் கொடியும் எடுத்துக்கொண்டு, தன் பங்குத் தண்டவாளத்தை முழுக்க நடந்து பார்ப்பவர். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அவருக்குப் பெரிய பழுது எதுவும் அகப்படாது. அதற்காக "இன்றைய நடை வீண்" என்று எந்தப் பொறியாளரும் எழுதியதில்லை. அவர் நடக்கிறார் என்பதால்தான் வண்டிகள் ஓடுகின்றன. ஒரு நாள் நடையின் பயனை அந்த ஒரு நாளில் தேடினால் கிடைக்காது. ஓட்டும் அப்படியே. தங்கள் தெருக்காரர்கள் வழக்கமாக வந்து ஓட்டுப் போடுகிறவர்கள் என்று தெரிந்தால்தான் அந்தத் தெருவுக்குக் குழாய் வருமா, விளக்கு வருமா என்று கேட்கவே ஆள் வருவார்கள்.

சூத்திரத்தில் இன்னொரு குறையும் தென்பட்டது. அது, பட்டியலில் பெயர் இருப்பதாக வைத்துக்கொண்டே தொடங்குகிறது. என்னைக் கேட்டால் வலப்பக்கம் முழுவதையும் அடைப்புக்குள் போட்டு, இன்னோர் எண்ணால் பெருக்க வேண்டும். வசிக்கும் இடத்துப் பட்டியலில் பெயர் இருந்தால் 1, இல்லையென்றால் 0. பூஜ்யத்தால் பெருக்கினால் கடமையுணர்வு மலையளவு இருந்தும் விடை பூஜ்யம்தானே!

முதற் காரணம்: பெயர்

இது என் ஒருவன் கதை அல்ல; நம் நாட்டுத் தேர்தல் சரித்திரமே இதைத்தான் சொல்கிறது. 1951-52இல் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, பல வட மாநிலங்களில் பெண்கள் தம் பெயரை வெளியாரிடம் சொல்ல மறுத்தார்கள். "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. விளைவாக ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. கடுமையான முடிவுதான். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உணர்வு பிறந்தது.

1962இல் ஆண்களில் சுமார் 63 சதவிகிதமும் பெண்களில் சுமார் 47 சதவிகிதமும் ஓட்டளித்தார்கள். இடைவெளி 16 புள்ளிகளுக்கு மேல். 2019இல் அந்த இடைவெளி மறைந்து, பெண்கள் ஒரு மயிரிழை முந்தினார்கள். 57 ஆண்டுகளில் ஏற்பட்ட இந்த மாறுதல் உலகமே வியந்து பார்க்க வேண்டிய ஒன்று.

இப்போது பீகாரைப் பாருங்கள். 2015 சட்டமன்றத் தேர்தலில் அங்கே பெண்கள் சுமார் 60 சதவிகிதம், ஆண்கள் சுமார் 53. 2025இல் பெண்கள் 71க்கு மேல், ஆண்கள் 63 அளவில். பெண்களின் உற்சாகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆண்கள் எங்கே போனார்கள்? நம் இரயிலில்தான் போனார்கள்! பஞ்சாபிலும் மும்பையிலும் திருப்பூரிலும் வேலை செய்கிறார்கள். பெயர் கிராமத்தில், ஆள் வெளியூரில். நாற்பது வருஷத்துக்கு முன் ஆம்லாவில் இருந்த கும்பகோணத்தானின் கதைதான் இது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டுக்குள்ளேயே இடம் பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல். திருமணத்தால் இடம் மாறிய பெண்களும் இதில் அடக்கம். 2019 தேர்தலில் ஓட்டுப் போடாதவர்கள் ஏறத்தாழ 30 கோடி. இந்த இரண்டு எண்களும் எந்த அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

தேர்தல் கமிஷனுக்கும் இது தெரியாததல்ல. இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடுவதற்கு, ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகளைக் கையாளும் மாதிரி ஒன்றை 2022 டிசம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்து விளக்கவும் முற்பட்டது. பல கட்சிகள் ஆட்சேபித்தன. வெளியூர்ச் சாவடியில் முகவர்களை யார் வைப்பது, இடம் பெயர்ந்தவர் யார் என்று எப்படி முடிவு செய்வது என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. 2024 தேர்தலில் அது பயன்படவில்லை. காஷ்மீரிலிருந்து இடம் பெயர்ந்தவர்களுக்கு ஜம்மு, உதம்பூர், டெல்லி ஆகிய இடங்களில் தனிச் சாவடிகள் அமைக்கப்படுகின்றன.

இன்னொரு நுணுக்கம். சதவிகிதம் என்பது ஒரு பின்னம். மேலே ஓட்டுப் போட்டவர்கள், கீழே பட்டியலில் உள்ளவர்கள். கீழ் எண்ணில் இறந்தவர்களும் ஊர் மாறியவர்களும் இரண்டு இடத்தில் பதிந்தவர்களும் இருந்தால், உயிரோடு ஊரில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஓட்டுப் போட்டாலும் நூறு வராது. பீகாரில் 2025இல் நடந்த சிறப்புத் திருத்தத்தின்போது, வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பழைய பெயர்கள் இடம்பெறவில்லை. அதில் சுமார் 36 லட்சம் பேர் நிரந்தரமாக ஊர் மாறியவர்கள் அல்லது ஆள் அகப்படாதவர்கள் என்று காரணம் காட்டப்பட்டது. அந்தப் பணி நடந்த விதம் பற்றி நீதிமன்றம் வரை வாதங்கள் போயின. அதற்குள் நான் நுழையவில்லை. நமக்குரிய பாடம் இதுதான்: வீட்டில் ஆள் இல்லாதபோது வெட்டப்படுவது சுலபம், மறுபடி சேர்வதற்கு நாம்தான் அலைய வேண்டும்.

இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் எங்கள் கேங் மேட் ஒருவர். 1984 டிசம்பர் கடைசி வாரம், ஆம்லாவுக்கும் இடார்சிக்கும் நடுவே மலைப்பாதையில் வேலை. அவருடைய ஆட்கள் எல்லோரும் காட்டு வழியே ஆறு கிலோமீட்டர் நடந்து போய் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். போக அனுமதி கொடுத்தவன் நான்தான். மறுநாள் அவர் தன் இடக்கை விரலைக் காட்டி, "சாஹிப், உங்களுடையது?" என்று கேட்டார். எனக்கு இங்கே ஓட்டு இல்லை, ஊரில் இருக்கிறது என்றேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "போடாமல் விட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் சாஹிப். அப்புறம் நாம் செத்தவர்கள் கணக்கில் போய்விடுவோம்" என்றார்.

ஓட்டுப் போடாததற்காகப் பெயரை நீக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அந்த மனிதருக்குத் தாம் உயிரோடு இருப்பதை அரசாங்கம் குறித்துக்கொள்ளும் இடம் அந்தப் பட்டியல் ஒன்றுதான். லண்டனில் பணியாற்றும் மானிடவியல் பேராசிரியர் முகுலிகா பானர்ஜி, 2009 தேர்தலின்போது நாட்டின் பல பகுதிகளில் ஆராய்ந்து, இந்தியர்கள் ஏன் ஓட்டுப் போடுகிறார்கள் என்று 2014இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். சலுகையோ பணமோ மட்டும் காரணமல்ல, எல்லோரும் சமமாக நிற்கிற அந்த ஒரு நாளின் மரியாதையை ஏழை மக்கள் பெரிதாக மதிக்கிறார்கள் என்பது அதன் சாரம். எங்கள் மேட் அதைப் படித்திருக்க மாட்டார். அவர் சொன்னதும் அதுவே.

இரண்டாவது காரணம்: நேரம்

வாக்குப்பதிவு நாளில் ஊழியர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு கூறுகிறது. தினக்கூலிகளுக்கும் இது பொருந்தும். வீட்டு வேலைக்கு வருபவர்களையும் கடைப் பையன்களையும் அன்று வரச் சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அவர் வராவிட்டால் ஆபத்தோ பெருநஷ்டமோ ஏற்படும் என்ற பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. என் நெளிந்த தண்டவாளம் அந்த வகை.

அவர்களுக்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. 2019 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு, அத்தியாவசியப் பணியில் இருப்பவர்கள் 12டி படிவத்தின் மூலம் தபால் ஓட்டுக் கேட்கும் ஏற்பாடு வந்தது. எந்தெந்தத் துறைக்கு என்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் அறிவிப்பார்கள். 2024 தேர்தலில் 85 வயது தாண்டியவர்களுக்கும், 40 சதவிகிதமோ அதற்கு மேலோ உடற்குறை உள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடும் வசதி இருந்தது. நம் சங்கத்து மூத்தவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது.

மூன்றாவது காரணம்: மனம்

இனி என் 2019 குற்றத்துக்கு வருகிறேன். பெயரும் நேரமும் இருந்தும் போகாதவனை எது எழுப்பும்? அமெரிக்காவில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு பேராசிரியர்கள் 1998 தேர்தலின்போது நியூஹேவன் நகரில் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்குத் தபால், சிலருக்குத் தொலைபேசி, சிலரை வீட்டுக்கே போய் நேரில் பார்த்து, ஓட்டுப் போடும்படி சொன்னார்கள். எந்தக் கட்சிக்கு என்று சொல்லவில்லை. தொலைபேசியால் பயனில்லை. தபாலால் சிறிது பயன். நேரில் பேசியதால் ஓட்டளிப்பு ஏறத்தாழ 9 புள்ளிகள் உயர்ந்தது.

இதை நம்ப எனக்குச் சோதனை தேவையில்லை. 2024 ஏப்ரல் 19 காலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. கீழ்வீட்டு மராட்டி ஆஜி. எண்பது வயதுக்கு மேல், கையில் தடி. "பாவூ, வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். நீங்கள் வந்தால் படியில் கை பிடித்துக்கொள்வேன்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வரிசையில் அவரை முன்னால் விட்டுவிட்டார்கள். நான் முக்கால் மணி நேரம் நின்றேன். அதுவரை அவர் மர நிழலில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். அந்த ஆண்டு நான் நல்லவனாகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். என்னைக் கூப்பிட ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

வேட்பாளர் யாரையும் பிடிக்கவில்லை என்பவர்களுக்கும் ஒரு பொத்தான் உண்டு. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், "இவர்களில் யாருமில்லை" என்ற நோட்டா வந்தது. 2024இல் இந்தூர்த் தொகுதியில் 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை அழுத்தினார்கள். அதனால் முடிவு மாறாது. வேட்பாளர்களில் அதிக ஓட்டுப் பெற்றவரே ஜெயிப்பார். ஆனால் அந்த எண் பதிவேட்டில் இருக்கிறது. வீட்டில் படுத்திருப்பவனின் கோபம் எந்த எண்ணிலும் சேர்வதில்லை; தூக்கத்தையும் கோபத்தையும் ஒரே கணக்கில்தான் எழுதுவார்கள்.

அபராதம் போடலாமா?

நண்பர் சொன்ன யோசனையையும் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் 60 சதவிகிதத்துக்கும் குறைவாகவே ஓட்டு விழுந்தது. 1924இல் கட்டாயச் சட்டம் வந்தது. 1925இல் 91ஐத் தாண்டியது. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அங்கே பட்டியலில் பெயர் பதிவதை 1911இலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள் என்பதையும், தேர்தல் சனிக்கிழமையில்தான் நடக்கும், முன்கூட்டியும் தபாலிலும் வெளி மாநிலத்திலிருந்தும் ஓட்டளிக்க வழியுண்டு என்பதையும் சொல்ல மறந்துவிடுவார்கள். முதலில் பாதையைப் போட்டார்கள், பிறகுதான் வண்டியை வேகமாக ஓட்டச் சொன்னார்கள். நம் நாட்டில் குஜராத் அரசு உள்ளாட்சித் தேர்தல்களுக்குக் கட்டாயச் சட்டம் கொண்டுவந்தது. 2015இல் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பாதை போடாமல் அபராதம் போட்டால், முதலில் மாட்டுபவன் ஊர் விட்டு ஊர் போன கூலியாள்தான்.

நாம் செய்ய வேண்டியவை

நம் சங்கத்தில் பலர் இன்னும் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ ஓட்டு வைத்திருக்கிறார்கள். சொந்த வீடு இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே சாதாரணமாக வசிப்பவர் ஆகமாட்டார். எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் ஓட்டு. இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருப்பதும் கூடாது. அதற்காகப் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

1. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. ஊர் மாறியவர்கள் பதிவை மாற்றப் படிவம் 8. ஒரே தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்கு மாறினாலும் 2022 ஆகஸ்டு முதல் இதுவே. இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7.

2. 18 வயது நிறையும் பிள்ளைகளுக்கு முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றே தகுதி நாள். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று நான்கு நாட்கள் உள்ளன.

3. வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் பூட்டப்பட்டுவிடும். விண்ணப்பத்தை விசாரிக்கவும் நாட்கள் வேண்டும் என்பதால், தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவது பெரும்பாலும் வீண். கையில் அடையாள அட்டை இருப்பது போதாது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குத் தொலைபேசலாம்.

4. வாக்குப்பதிவு நாளில் ஒரு வீட்டுக்காவது போய் மணியடியுங்கள். யாருக்கு என்று கேட்காதீர்கள், "வருகிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

செயலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, சங்க நூலகத்தில் செய்தித்தாள் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். படிவங்களும் பேனாவும் வைத்திருப்பேன். முகவரிக்குச் சான்றாக ஆதார் அட்டையோ, மின்சார ரசீதோ, வங்கிப் புத்தகமோ ஒன்றும், ஒரு புகைப்படமும் கொண்டுவாருங்கள். மாற்றலில் வந்த இளைஞர்கள் தயவுசெய்து முதலில் வாருங்கள். "இன்னும் இரண்டு வருஷம்தானே இங்கே இருக்கப் போகிறோம்" என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த இரண்டு இரண்டு வருஷங்களைக் கூட்டித்தான் ஐந்து தேர்தலைக் கோட்டைவிட்டேன்.